பதினேழு நொடி வெறுந்தரை

அந்த வீட்டு விஷயத்தில் நான் மூக்கை நுழைத்தேன் என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். திரியட்டும். என் சைக்கிள் கடையை ஒட்டிப் போகும் மாடிப்படிதான் அவர்களுக்கு வழி. நாற்பத்தொரு படி, இரண்டு திருப்பம். ஒருவர் ஏறினால் எதிரே வருகிறவர் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடமாக அதன் அடியில் உட்கார்ந்து ஸ்போக் கம்பி முறுக்குகிறேன். யார் ஏறுகிறார்கள், யார் கோபத்தில் இறங்குகிறார்கள் என்பதெல்லாம் காலடிச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். நான் எதிலும் மூக்கை நுழைக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது மாடியில் மூன்று பேர். அம்மா பெரிய லாண்டரி ஒன்றில் நீராவி இஸ்திரி மிஷினில் நிற்கிறவர். காலையிலிருந்து ஹோட்டல் படுக்கை விரிப்புகள்தான். இரண்டு முன்கையிலும் சூடு பட்ட தழும்பு வரிவரியாக இருக்கும். மகளுக்கு இருபத்தாறு வயது. உயரம் கம்மி என்பதால் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட 'வாண்டு' என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது. டயர் கடையில் வேலை, லாரிச் சக்கரத்தைத் தனி ஆளாகக் கழற்றிப் போடுவாள். தம்பிக்காரன் அவளுக்கு நான்கு வயது சின்னவன், விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டுகிற அலுவலகத்தில் இருக்கிறான். அப்பா என்று ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் இந்தக் கதைக்கு வேண்டாம்.

வாண்டு ஓட்டுவது பி.எம்.எக்ஸ். சைக்கிள். குட்டிச் சக்கரம், தாழ்ந்த சீட்டு. குதிப்பதற்கென்றே செய்த வண்டி, அதில் யாரும் உட்கார்ந்து ஊர் போவதில்லை. அவள் குதிப்பாள், தம்பி படம் எடுப்பான். ஒரு வருடம் எடுத்ததிலிருந்து நல்லதை மட்டும் பொறுக்கி, பாட்டுப் போட்டு, மூன்று நிமிடமாக வெளியிடுவார்கள். அதற்கு 'எடிட்' என்று பெயர். எடிட்டில் எல்லோரும் காத்திருப்பது கடைசித் துண்டுக்குத்தான். அந்த வருடம் செய்ததிலேயே பெரியது அங்கேதான் வரும். முன்னால் நீ எத்தனை குட்டிக்கரணம் போட்டிருந்தாலும் ஊர் பேசப்போவது அந்தக் கடைசித் துண்டை.

இந்த வருடம் சைக்கிள் பிரேம் செய்கிற கம்பெனி ஒன்று அவளைத் தேடி வந்தது. எடிட்டை அனுப்பு, எங்கள் இணையப் பக்கத்தில் போடுகிறோம், பிடித்திருந்தால் எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவள் கடைசித் துண்டுக்குத் தேர்ந்தெடுத்தது மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கின் சரக்கு மேடையை. ஆள் உயர மேடை, நடுவில் ஒரு வாய்க்கால், அந்தப் பக்கம் சிமெண்டுச் சரிவு. மேடையிலிருந்து பாய்ந்து, கைப்பிடியை விடாமல் வண்டியின் உடம்பை மட்டும் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, திரும்பி வரும் பெடலை இரண்டு காலாலும் பிடித்துச் சரிவில் இறங்க வேண்டும். இறங்கும்போது கால் நுனி தரையில் உரசினாலும் செல்லாது.

"ஒரே தடவைதான் மாமா," என்றாள் அன்று காலை, என் கடையில் காற்று அடித்துக்கொண்டே. "அதுக்கு மேல எனக்குத் தைரியம் இல்ல. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

அன்று இரண்டு தடவை செய்தாள். முதல் தடவை இறங்கியதும் தம்பிக்காரன், "கால் பட்டுச்சு" என்றான். இரண்டாவது தடவை பின்சக்கரம் சரிவின் விளிம்புக்கு இரண்டு விரல் முன்னாலேயே விழுந்தது. வலது கணுக்காலும் அதற்கு மேலே எலும்பும் நொறுங்கிப்போயின. இரண்டு தகடு, பதினோரு திருகாணி. நடக்கலாம், குதிப்பதை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒன்றரை மாதம் ஆயிற்று. ஜன்னலோரக் கட்டிலில் அவள், மேசையில் கம்ப்யூட்டரோடு தம்பி, அடுப்படியில் அம்மா. மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டி வராமல் புழுங்கிய நாட்கள் அவை. மின்விசிறி சுற்றினாலும் சூடான காற்றுதான் வரும். அம்மாவின் ஏச்சு மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவளுடைய பின்சக்கரத்தின் கோணலை எடுத்து முடித்திருந்தேன். இனி ஓட்ட முடியாத வண்டிக்கு எதற்கு இந்த வேலை என்று நான் கேட்கவில்லை. செய்யச் சொன்னாள், செய்தேன். மதியம் சொல்லிவிட்டு வரலாம் என்று மேலே ஏறினால், முதல் திருப்பத்திலேயே சத்தம் கேட்டது.

"ஒரு தடவை பண்ணியாச்சுல்ல? எதுக்குடி ரெண்டாவது? கேக்கறேன்ல, வாயத் தொறந்து சொல்லு!" அம்மாவுக்கு அன்று மதிய ஷிப்ட் விடுமுறை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தார்.

"நூறு தடவை சொல்லிட்டேம்மா. கால் பட்டுச்சு. பட்டா செல்லாது."

"செல்லலன்னா போகட்டுமே! பெரிய கலெக்டர் கையெழுத்து, செல்லாமப் போச்சாம்! ஒரு தடவைதாம்மான்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டுப் போனவதானே நீ? இப்போ கக்கூஸுக்குப் போக உன்னை ரெண்டு பேர் தூக்கறோம். நான் மிஷின்ல நிக்கும்போதும் எனக்கு இந்தக் கால்தான் கண்ணுல வருது. போன வாரம் கையை உள்ளவிட்டு அழுத்திட்டேன், பாரு!"

"அதுக்கும் நான்தானா?"

"வேற யாரு? உன் கொழுப்புதான்!"

தம்பிக்காரன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நுழைந்ததும் அம்மா என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்கதானே சொன்னீங்க, கால் பட்டா மறுபடி செஞ்சுதான் ஆகணும், அவங்க வழக்கம் அதுன்னு?"

சொன்னேன்தான். பக்கத்தில் நின்று பார்த்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவனுக்கு அக்காமேல் உயிராச்சே என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த வாயில் இன்றைக்கும் மண்ணை அள்ளிப் போடத் தோன்றுகிறது.

"சக்கரம் ரெடிம்மா," என்று பேச்சை மாற்றினேன்.

"மாமா, அதை விடுங்க, இவன் பண்றத வந்து பாருங்க," என்றாள் வாண்டு. "இன்னிக்கு மூணு மணிக்குள்ள எடிட் போகணும். கடைசித் துண்டா என்ன வெச்சிருக்கான் தெரியுமா? நான் விழுந்ததை. மெதுவா ஓட விட்டு, எலும்பு ஒடியற சத்தத்தோட."

தம்பி ஹெட்போனைக் கழற்றினான். "அக்கா, கம்பெனிக்காரர்தான் கேட்டார். விழுந்ததுக்குத்தான் ஆள் பார்ப்பாங்கன்னார். வேற எதுவும் இல்லையேக்கா நம்மகிட்ட."

"பன்னெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன்டா. இனிமே வண்டியே இல்ல எனக்கு. இதுதான் கடைசி. ஊர் உலகத்துக்கு என்னைப் பத்தித் தெரியப்போறது நான் வாய்க்கால்ல கிடந்து கத்தினது மட்டும்தானா? செல்லாட்டியும் பரவாயில்ல, அந்த மொதத் தடவையைப் போடுன்னு எத்தனை நாளாக் கேக்கறேன்?"

"அழிச்சிட்டேன்னு சொன்னேன்லக்கா. கால் பட்டதை யாரு வெச்சுப்பாங்க?"

அப்போதுதான் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள் ஸ்டூடியோக்காரி. வார நாளில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவள். லீவு நாளில் பழைய பிலிம் கேமரா ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இவர்கள் குதிக்கும் இடத்துக்கெல்லாம் வந்துவிடுவாள். அன்று கிடங்கிலும் இருந்தாள், சரிவின் அடியில், இவர்கள் பேசுவது கேட்காத தூரத்தில்.

"ரோல் இப்பத்தான் முடிஞ்சுது. நேத்துதான் கழுவினேன். உனக்குன்னு பெருசாப் போட்டுட்டு வந்தேன்," என்று ஒரு காகித உறையை நீட்டினாள்.

கறுப்பு வெள்ளையில் நான்கு படம், வரிசையாக எடுத்தது. முதலில் அவள் காற்றில், வண்டி தனியே சுழல்கிறது. இரண்டாவதில் இரண்டு காலும் பெடலில். மூன்றாவதில் இரண்டு சக்கரமும் சரிவில், அப்போதும் இரண்டு காலும் பெடலில். நான்காவதில் கேமராவை உரசிக்கொண்டு போகிறாள், வாயெல்லாம் பல். அப்போதும் கால் பெடலில்தான்.

வாண்டு நான்கையும் போர்வையின் மேல் பரப்பினாள். மூன்றாவதைக் கையில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இது எந்தத் தடவை?"

"மொதத் தடவைதான். ரெண்டாவதை நான் எடுக்கலையே, லென்ஸ் மாத்திட்டு இருந்தேன்."

"கால் படலையே."

"எங்கே பட்டுச்சு? சுத்தமா இறங்கின. நான்கூடக் கத்தினேன். நீ மறுபடி ஏறினப்போ, வேற பக்கத்துலேர்ந்து எடுக்கறாங்க போலன்னு நெனச்சேன். ஏன், என்ன ஆச்சு?"

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது. இறங்குகிற அந்த நொடியில் ஓட்டுகிறவருக்கு உடம்பெல்லாம் ஒரே குலுக்கல். கால் உரசியதா இல்லையா என்று அவருக்கே தெரியாது. பார்த்தவன் சொல்வதுதான் தீர்ப்பு.

"கம்ப்யூட்டரை இப்படித் தள்ளு," என்றாள்.

"அக்கா..."

"தள்ளுடா!"

தள்ளினான். அன்றைய தேதியில் இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனாள். மேடையைத் துடைப்பது, அவள் ஹெல்மெட் பட்டையை இறுக்குவது, ஓடிவந்து பார்த்துவிட்டு நிற்பது. கடைசியில் விழுந்தது. அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று இருந்தது. வெறும் சாம்பல் நிறம். பதினேழு நொடி.

ஓடவிட்டாள். தரை. சிமெண்டுத் தரை, அதன் மேல் தம்பியின் இரண்டு செருப்பு, ஆடுகிற கேமராப் பட்டை ஒன்று. தூரத்தில் ஸ்டூடியோக்காரி கூச்சலிடுகிறாள். சக்கரம் கிர்ரென்று ஓடி அடங்கும் சத்தம் நெருங்கி வருகிறது. வாண்டுவின் சிரிப்பு, மூச்சு வாங்க: "எடுத்தியாடா? டேய், எடுத்தியா?"

செருப்பு அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. பிறகு அவன் குரல்: "கால் பட்டுச்சுக்கா. வலது கால் நுனி. இன்னொரு தடவை."

"ஐயோ... நிஜமாவா?"

"ம்."

படத்துக்குள் ஒரு குட்டிச் சக்கரம் வருகிறது. செருப்புகள் அதன் பக்கம் திரும்புகின்றன. சக்கரம் தரையைவிட்டு மேலே போகிறது. "என்னடா, வண்டியெல்லாம் தூக்கற? இன்னிக்கு என்ன இவ்ளோ பாசம்?" அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவனிடம் இருக்கும் கேமராவில் எடுக்கவும் நிறுத்தவும் ஒரே பட்டன். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அக்கா ஓடிவரும்போது பதட்டத்தில் இரண்டு தடவை அழுத்திவிட்டான். ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டே அவ்வளவையும் பார்த்திருக்கிறான். அவள் இறங்கியதும் நிறுத்துவதாக நினைத்து அழுத்த, அப்போதுதான் அது ஓடத் தொடங்கியிருக்கிறது. திரையில் ஓடுகிற நொடிக் கணக்கைப் பார்த்து, அந்த நான்கு நொடியில்தான் அவனுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். கேமரா பிடிக்கிற எவனுக்கும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது நடக்கும் தவறுதான். அதனால்தான் வண்டியில் குதிக்கிற அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கமே இருக்கிறது. தவறவிட்டவன் அந்த இடத்திலேயே, எல்லோர் காதிலும் விழ, "போச்சு" என்று கத்த வேண்டும். மறுபடி செய்வதா வேண்டாமா என்று ஓட்டினவர் முடிவு செய்வார். தவறவிட்டவன் அன்று பொழுது சாயும்வரை அவர் வண்டியைத் தோளில் சுமக்க வேண்டும். கேலியும் சிரிப்புமாக அது போய்விடும்.

இவன் கத்தவில்லை. ஆனால் வண்டியைத் தூக்கியிருக்கிறான். யாருக்கும் தெரியாமல் தண்டனையை மட்டும் கட்டிவிட்டு, முடிவைத் தானே எடுத்துக்கொண்டான். ஓர் அறை விட்டிருப்பேன், நடுவில் கட்டில் இருந்தது.

"ஏன்டா?" என்றாள் வாண்டு. குரல் ஏறவில்லை.

"வானம் இருட்டிட்டு வந்துச்சுக்கா... ஒரே தடவைதான்னு நீ சொல்லியிருந்த. போச்சுன்னு சொன்னா நீ வேணாம்னு போயிடுவ. கடைசித் துண்டு இல்லாம எடிட் எப்படிக்கா? கால் பட்டுச்சுன்னு சொன்னா ரோஷத்துல மறுபடி பண்ணுவன்னு... நீ விழுவன்னு எனக்கு எப்படித் தெரியும்? உனக்காகத்தான்க்கா."

"எனக்காக."

"சத்தியமா."

"நான் வேணாம்னு போயிடுவேன்னு தெரிஞ்சுதான் சொல்லல. அப்படித்தானே?"

அவன் ஹெட்போனைச் சுருட்டி மேசையில் வைத்தான்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். கையில் வெங்காயத் தோல். நேரே மகனிடம் போவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலுக்கு வந்து, கட்டுப்போட்ட காலைத் தொடாமல், அதன் பக்கத்தில் விரிப்பைத் தடவினார். பிறகு திரும்பினார்.

"ஒண்ணரை மாசம். தினம் காலையில எழுந்து இவளை ஏசிட்டுத்தான் வேலைக்குப் போனேன். திமிரு பிடிச்சவன்னேன், கொழுப்புன்னேன். நேத்துகூட, நீ செத்திருந்தாலும் ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன்னு சொன்னேன். நீ இங்கேயேதானே உக்காந்திருந்த? நான் போட்ட சோத்தைத்தானே தின்னுட்டு இருந்த? உன் தொண்டையில எப்படிடா இறங்குச்சு?"

"அம்மா, நான் சொல்லணும்னுதான் தினமும்..."

"பேசாதே. என்னை அம்மான்னு கூப்பிட்டுப் பேசாதே இப்போ."

ஸ்டூடியோக்காரி உறையை மடித்துக்கொண்டு, தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல நின்றாள். நான் அவளை உட்காரச் சொன்னேன். ஒருவரும் உட்காரவில்லை.

வாண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். "விழுந்ததை எடு," என்றாள் தம்பியிடம்.

"எடுத்துட்டு இந்தப் போட்டோவை வெச்சுடலாம்க்கா. நாலு படமும். ரொம்ப நல்லா இருக்கும், நான் பாட்டை..."

"போட்டோ எனக்கு. என் சுவத்துல மாட்டிப்பேன். எடிட்ல இதைப் போடு." திரையில் சாம்பல் நிறத்தைக் காட்டினாள். "பதினேழு நொடியும். பாட்டு வேணாம். வெட்டாத."

"அக்கா, எல்லாரும் கேப்பாங்கக்கா. நான் பொய் சொன்னது... அதுக்கப்புறம் என் முன்னாடி எவனும் வண்டி ஓட்ட மாட்டான். இனிமே என்னை யாருமே கூப்பிட மாட்டாங்க."

"என்னையும்தான்டா," என்றாள்.

"நீயே பண்ணிக்கோக்கா. என்னைப் பண்ணச் சொல்லாதே."

"உன் கைதான் அழுத்துச்சு அன்னிக்கு. இன்னிக்கும் உன் கைதான் அழுத்தணும். உக்காரு."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில் எனக்கு அவன்மேல் துளிகூட இரக்கம் வரவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? உட்கார்ந்தான். விழுந்ததை எடுத்தான், தரையை ஒட்டினான். அவள் முதலிலிருந்து ஒரு தடவை ஓடவிடச் சொன்னாள். படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, சுவர், மழைநீர்க் குழாய் என்று மூன்று நிமிடம் அவள் பறந்தாள். அம்மா அதை முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு பாட்டு நின்றது. தரை. செருப்பு. எடுத்தியாடா. அந்த நான்கு நொடி அந்த அறையில் எவ்வளவு நீளமாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அனுப்பு."

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு அனுப்பினான். கம்பெனிக்காரர் போன் செய்தார், இது என்ன கடைசியில் வெறும் தரை என்று. "அதுதான் கடைசித் துண்டு சார். வேணும்னா போடுங்க, வேணாம்னா விட்டுடுங்க," என்று வாண்டுவே பேசிவிட்டு வைத்தாள். அவர் போட்டார். எல்லோரும் பார்த்தார்கள், தம்பியைக் காறித் துப்பினார்கள். அது அப்புறம் நடந்த கதை.

அன்று நடந்தது இன்னும் ஒன்று இருக்கிறது. போனை வைத்ததும் அவள் தம்பியிடம், "கீழே மாமா கடையில என் வண்டி இருக்கு. தூக்கிட்டு வா," என்றாள்.

அவன் என் பின்னாலேயே இறங்கி வந்து, வண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினான். பதினோரு கிலோ. நேரான பாதையில் ஒன்றுமில்லை. அந்தப் படியில், அந்த இரண்டு திருப்பத்தில், ஹேண்டில் சுவரில் இடிக்காமல் ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. மேலே அவள் பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாளாம். "கோணல் இல்ல. கீழே கொண்டு போ," என்றாளாம். ஸ்டூடியோக்காரி இறங்கிப் போகும்போது சொன்னாள்.

கொண்டு வந்து வைத்தான். மேலே போனான். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தான். "தூக்கிட்டு வரச் சொன்னா மாமா," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தூக்கினான்.

மூன்றாவது தடவை அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான்காவது தடவை திருப்பத்தில் ஹேண்டில் சுவரில் மோதிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. அம்மா இப்போது வெளியே வந்து போதும் என்பார் என்று காத்திருந்தேன். பெற்ற மனசு தாங்காது என்று நினைத்தேன். வந்தார். கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்து, "மெதுவா. சுவத்துல இடிக்காம," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐந்து மணிக்கு அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். தோளில் பிரேம் அழுத்திய இடம் கன்றிச் சிவந்திருந்தது.

"எத்தனை ஆச்சு?" என்றேன்.

"தெரியல மாமா. பொழுது சாயற வரைக்கும்னுதானே வழக்கம்?"

தெரு முனைக் கட்டிடத்துக்குப் பின்னால் இன்னும் வெயில் இருந்தது. என்னால் நிறுத்தியிருக்க முடியும். கடையைப் பூட்டுகிறேன், வண்டியை உள்ளே வை என்றால் தீர்ந்தது. நான் என் ஸ்டூலைப் படியின் வாயிலிருந்து ஓரமாக இழுத்துப் போட்டு அவனுக்கு வழி விட்டேன். அவன் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினான்.

மேலே ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னொரு தடவை."